ஈரப் பெயிண்டில் வைத்த பொட்டு

தம்பி,

மாடியில் இருக்கிற மகனுக்குக் கீழே இருக்கிற அப்பன் கடிதம் எழுதுவதை உன் அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு சத்தம் கொடுத்தா இறங்கி வந்துருவான். பேப்பரும் பேனாவும் என்னத்துக்கு?" என்கிறாள். அவளுக்கென்ன, அவளுக்கு வாய் இருக்கிறது. உனக்கும் எனக்கும் நடுவில் இருபது வருடமாக நடந்த பேச்சையெல்லாம் கூட்டிப் பார்த்தால் "சாப்பிட்டியா", "கதவப் பூட்டிட்டியா", "கரண்டு பில்லு கட்டியாச்சா" என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது. நேரில் உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும், இல்லாவிட்டால் இருமல் வரும். அதனால் எழுதுகிறேன். நாளைக் காலையில் உன் சாப்பாட்டுக் கேரியரின் மேல்தட்டில் இதை மடித்து வைத்துவிடுவேன். பட்டறையில் கையைக் கழுவிவிட்டுப் பிரி.

தாலுகா ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். 'பொருள்' என்று மேலே ஒரு வரி போட்டால்தான் எனக்குக் கை ஓடும். பொருள் இதுதான்: சிவகிரி அண்ணாச்சியின் காரில், பெயிண்ட் அடித்து இரண்டு நாள்கூட ஆகாத பானெட்டின் மேல், சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். அது நீ தனியாக எடுத்துச் செய்த முதல் வண்டி. சொன்ன நாளில் அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தவன் உன்னை நம்பி இன்னொரு வண்டியைக் கொண்டுவருவான். அதைக் கெடுத்தது வெளியாள் இல்லை, உன்னைப் பெற்றவன். இதைச் சொல்ல எனக்குக் கிட்டத்தட்ட இருபது நாள் ஆகியிருக்கிறது. இன்றைக்கு ஏன் சொல்லுகிறேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னைக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பொங்கலுக்கு வந்தவன், சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு வந்து சொன்னாய். "அப்பா, வேலைய விட்டுட்டேன்." நான், "விடப் போறியா, விட்டுட்டியா?" என்று கேட்டேன். "விட்டுட்டேன்" என்றாய். அடுத்தது எந்தக் கம்பெனி என்றதற்கு, "கம்பெனி இல்லப்பா. பழைய கார வாங்கிப் பிரிச்சு, வந்த புதுசுல எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்குத வேலை. பாளையங்கோட்டையில ஒரு பட்டறையில கத்துக்கிடச் சேந்திருக்கேன்" என்றாய். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. "ஏலே, மக மூணாங்கிளாஸ் படிக்கா. முப்பத்தாறு வயசுல நீ எல்.கே.ஜி. சேரப் போறியா?" என்று கேட்டேன். மருமகள் அங்கேதான் நின்றாள். அவள் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீ சிரித்துக்கொண்டே, "ஆமாப்பா, எல்.கே.ஜி.தான்" என்றாய். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஏன் அவ்வளவு கோபம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது பயம். தினமும் அதே பஸ்ஸில், முடிந்தால் அதே ஜன்னல் சீட்டில், ஆலங்குளம் ஆபீசுக்குப் போய் வந்தவன் நான். கைபேசியில் கரண்டு பில் கட்டக்கூட உன் அம்மா கற்றுக்கொண்டுதான் எனக்குச் சொல்லித் தந்தாள். கையிலிருக்கிறதை விட்டுவிட்டு ஒரு மனுஷன் முதலிலிருந்து தொடங்குவான் என்பது எனக்கு விளங்கவே இல்லை. விளங்காததைத் திட்டிவிடுவது என் சுபாவம். உனக்குத் தெரியாததா?

இன்னொன்றும் நீ அறியமாட்டாய். நீ கற்றுக்கொண்டிருந்த காலத்தில் டாக்டரிடம் கண்ணைக் காட்டுவதற்குத் திருநெல்வேலி வந்த நான், அப்படியே பாளையங்கோட்டைக்கு வந்து உன் பட்டறை வாசல்வரை நடந்தேன். நீ தரையில் உட்கார்ந்து ஒரு கார்க் கதவின் நெளிவை நிரப்பப் பட்டி பூசிக்கொண்டிருந்தாய். உன்னைவிடப் பத்து வயது இளையவன் ஒருவன் குனிந்து பார்த்து, "அண்ணே, இது பட்டி இல்ல, பணியாரம். சுரண்டிட்டு மறுபடி போடுங்க" என்றான். நீ தலையைக்கூடத் தூக்காமல், "சரி மாஸ்டர்" என்று சுரண்ட ஆரம்பித்தாய். அவன்தான் இசக்கி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. உன் கண்ணில் படாமல் திரும்பி பஸ் ஏறிவிட்டேன். சென்னையில் உன் ஒரு சொல்லுக்கு இருபது பேர் காத்திருந்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அந்த இருபது பேரை மறந்துவிட்டு ஒரு பொடியனிடம் 'சரி மாஸ்டர்' என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. என்னைவிட வயதில் சின்ன தாசில்தார் என் டிராப்டில் ஒரு வரியை அடித்தார் என்பதற்காக ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுக்காமல் இருந்தவன் நான்.

நீ ஆறாவது படிக்கும்போது மேசை ஃபேனைப் பிரித்துப் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆபீசிலிருந்து வந்தவன் திருகாணியும் இறக்கையும் தரையில் சிதறிக் கிடந்ததைப் பார்த்து, ஒரு கேள்வி கேட்காமல் அடித்தேன். நீ அழுதுகொண்டே திரும்ப மாட்டினாய். அந்த ஃபேன் அதற்கு முன்பு கடகடவென்று சத்தம் போடும். நீ மாட்டிய பிறகு சத்தம் இல்லை. படுத்த ஐந்தாவது நிமிஷத்தில் அதை நான் கவனித்துவிட்டேன். சொல்லவில்லை. அடித்த கை, எப்படிச் சொல்லும்? அந்த ஃபேன் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓடியது. ஒவ்வொரு கோடைக்கும் அது எனக்கு ஞாபகம் வரும். இத்தனை வருடமாக உனக்குத் தரவேண்டிய ஒரு சபாஷை நான் கையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இப்போது வாங்கிக்கொள்.

நீ மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற ரோட்டில் அந்தப் பழைய நெல் குடோனை வாடகைக்கு எடுத்து, இசக்கியையும் கூட அழைத்துக்கொண்டு பட்டறை தொடங்கிய அன்று, பால் காய்ச்ச எல்லோரும் கிளம்பினீர்கள். நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. "அந்தக் கொட்டகைக்குள்ள என் கால் படாது" என்றேன். நீ மாற்றுச் சாவியை மட்டும் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். தெருவில் கேட்டவர்களிடம், சென்னைக் கம்பெனியே உன்னை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறது என்று சொல்லி வைத்தேன். "கம்ப்யூட்டர் வேலைக்கு எதுக்கு அண்ணாச்சி கையெல்லாம் கிரீஸு?" என்று முடிதிருத்தும் கடையில் ஒருவர் கேட்டபோது, பொழுதுபோக்கு என்றேன். நான் சொன்னது பொய் என்று அந்தக் கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

சிவகிரி அண்ணாச்சி முதன்முதலில் நம் வீட்டுக்குத்தானே வந்தார். அவருடைய அப்பா ஓட்டிய அம்பாசிடர் இருபது வருடமாக அவர்கள் வீட்டுக் கொட்டகையில் மூடிக் கிடக்கிறது. மகளுக்கு ஆவணியில் தென்காசியில் கல்யாணம். தாத்தா காரில்தான் மண்டபத்தில் வந்து இறங்குவேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள். இதுதான் விஷயம். நான் உள்ளே பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து காதை உங்களிடம் வைத்திருந்தேன். வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்துத் தரைவிரிப்பைக் கிழித்துப் பார்த்த பிறகு, அவர் மறுபடி நம் வீட்டுக்கு வந்தபோது, அடித்தகடு முழுக்க மக்கிவிட்டது, வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்து வெல்டிங் பண்ணவேண்டும் என்று நீ சொன்னாய். அவர், "ஒரே ஒரு நாள் ஓடப்போற வண்டி தம்பி. மேல ஒரு விரிப்பைப் போட்டு மூடுங்க. அடியில எவன் பாக்கப் போறான்?" என்றார். "நான் பாத்துட்டேம்லா அண்ணாச்சி" என்றாய். அவர், "சரி, உங்க இஷ்டம்" என்றார். உள்ளே நான் பேப்பரை இறக்கிவிட்டு உன்னை எட்டிப் பார்த்தேன்.

அவர்கள் வீட்டில் காரின் பழைய நிறம் எதுவென்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நீ டிக்கியின் உள்விரிப்பைக் கழற்றி, வெயிலே படாத ஒரு மூலையைக் கண்டுபிடித்து, அந்த மோர் நிறத்தைக் கலந்து எடுத்தாய். அதை அட்டையில் தடவிக் கொண்டுவந்து உன் அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாய். நானும் எட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. "என்னமோ" என்றேன்.

பிறகு சீசன் வந்துவிட்டது. ஊர் முழுக்கச் சாரலுக்காக வானத்தைப் பார்க்கும். நீ ஒருவன்தான் சாரல் நிற்காதா என்று பார்த்தாய். அந்த ஈரக்காற்றில் பெயிண்ட் அடித்தால் பால் ஊற்றினமாதிரி வெளுத்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னாய். அருவியில் குளிக்க வந்தவர்களின் வண்டியெல்லாம் பட்டறை வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருந்தன. நீயும் இசக்கியும் பதினோரு நாள் பெயிண்ட் அடிக்கிற கன்னை எடுக்காமல் காத்திருந்தீர்கள். அண்ணாச்சி தினமும் போன் செய்தார். ஆனாலும் நீ அவசரப்படவில்லை. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தபோது மற்ற பாகங்களை முடித்து, கடைசியாக பானெட்டை அடித்தீர்கள். அன்று சாயங்காலம் நீ படியேறும்போது சீட்டி அடித்துக்கொண்டு போனாய். நீ சீட்டி அடித்து நான் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஒரு நாள் விட்டு வெள்ளிக்கிழமை. நீ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஏதோ சாமான் வாங்க இசக்கியுடன் பஜாருக்குப் போகிறாய் என்று தெரியும். நான் கோயிலுக்குப் போய்ச் சந்தனமும் குங்குமமும் வாங்கி வந்து, சந்தனத்தை ஒரு கிண்ணத்தில் குழைத்து எடுத்துக்கொண்டு, ஆணியிலிருந்த சாவியை மடியில் செருகிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். நம் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் பொட்டு வைப்பது நான்தானே. பிரிட்ஜுக்கு வைத்தேன், தையல் மிஷினுக்கு வைத்தேன், உன் முதல் கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். என் மகன் செய்த முதல் வண்டிக்கு வேறு யார் வைப்பார்கள்? கால் படாது என்று சொன்ன கொட்டகைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். தம்பி, அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மக்கிப்போன தகரமாகத் தள்ளிக்கொண்டு வந்த வண்டியா இது! பானெட்டில் என் முகம் தெரிந்தது. கண் கலங்கியதால் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. குழைத்த சந்தனத்தை மோதிர விரலில் எடுத்து மூன்று பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டுக் கும்பிட்டேன். பெயிண்ட் காய்ந்ததா என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காய்ச்சல். பூட்டிவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ சீட்டி அடிக்கவில்லை. தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா, "ஏய்யா, என்ன ஒரு மாதிரி இருக்க?" என்றாள். "பானெட்டுல யாரோ பொட்டு வச்சிருக்காவ. தொடச்சுப் பாத்தோம். மஞ்சக் கறை உள்ள இறங்கிட்டு, சந்தன ஈரத்துல மேல்பூச்சும் சுருங்கிட்டு. முழுசா உரிச்சிட்டு முதல்ல இருந்து அடிக்கணும்" என்றாய். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வெளியே மறுபடி சாரல் விழத் தொடங்கியிருந்தது. நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. அப்போதே எழுந்து 'நான்தான்லே' என்று சொல்லியிருக்கலாம். பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

மறுநாள் இசக்கி வீட்டுக்கே வந்து குதித்தான். "சிவகிரிக்காரங்க வந்து பாத்துட்டுப் போனாங்கல்லா, அவங்கதான் அண்ணே. போனைப் போட்டுக் கேளுங்க. தப்பு அவங்க பக்கம்னா நாள் தள்ளிப்போனாலும் நம்ம மேல பழி வராது." நியாயமான பேச்சுத்தான். நீ சொன்னதை நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "வேண்டாம் மாஸ்டர். வச்சவங்க நல்லதுக்குத்தான் வச்சிருப்பாவ. நாம உப்புத்தாளை எடுப்போம்." யார் என்று நீ ஒருதரம்கூடக் கேட்கவில்லையே என்று எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. உன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மா மட்டும் கழுவாமல் கிடந்த சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் நான் நடை போவதாகச் சொல்லிவிட்டுக் குடையோடு வந்தது உன் பட்டறைக்குத்தான். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றால், பாதி திறந்த ஷட்டர் வழியாக நீ தெரிவாய். கழற்றிய பானெட்டைப் பெஞ்சில் போட்டு, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்ப்பாய். தேய்த்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவாய். எதையோ கண்டுபிடித்துவிட்டு மறுபடி தேய்ப்பாய். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரிகிறது போலிருக்கிறது. ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை, ஒரு சாமானைத் தூக்கி எறியவில்லை. தார்ப்பாய் கட்டி, உள்ளே பெரிய பல்புகளை எரியவிட்டு, ஈரத்தை விரட்டினீர்கள். டீக்கடைக்காரர், "யாரு சார் அந்தாளு? ஒரே தகட்ட ஒரு வாரமா தேய்க்காரு" என்றார். "என் மகன்" என்றேன். "கார் மெக்கானிக்கா?" என்றார். "பழைய காரைப் புதுசாக்குதவன். இங்கன அவன் ஒருத்தன்தான் செய்யுதான்" என்றேன். வெளியாளிடம் நான் முதல்முதலாக உண்மையைச் சொன்னது அந்த டீக்கடையில்தான். சொன்ன பிறகு எனக்கு நன்றாக இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வண்டியை ஒப்படைத்தாய். நேற்று அந்தப் பெண் அதில் வந்து இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டாரெல்லாம் பந்தியை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி நின்றார்கள். நானும் பின்னால் நின்றேன். யாரோ எஞ்சினைப் பார்க்கவேண்டும் என்று சொல்ல, நீ பானெட்டைத் தூக்கினாய். அதன் உள்பக்கத்தில், பூட்டுக்குப் பக்கத்தில், மூன்று சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். மேலே தெளிந்த பூச்சு அடித்து அழியாமல் வைத்திருந்தாய். பஸ் கதவில் நசுங்கிய நாளிலிருந்து என் மோதிர விரல் கோணல். அதனால் நான் எங்கே பொட்டு வைத்தாலும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பிரிட்ஜில் அப்படி, தையல் மிஷினில் அப்படி. நீ வைத்த அந்த மூன்று பொட்டும் அதேபோல வலப்பக்கம் இழுத்திருந்தன.

அப்படியானால் முதல் நாளே உனக்குத் தெரியும். தோசை தின்னும்போதே தெரியும். பேப்பருக்குப் பின்னால் நான் வியர்த்துக்கொண்டிருந்ததும் தெரிந்திருக்கும். சிவகிரி அண்ணாச்சி, "இதென்ன தம்பி, பொட்டை உள்ள வச்சிருக்கிய?" என்று கேட்டார். நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "எங்க பட்டறை வழக்கம் அண்ணாச்சி. முதல் பொட்டு எங்க அப்பாதான் வைப்பாவ. எந்த வண்டியா இருந்தாலும்." இருபது பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என்னைக் கையெடுத்துக்கூடக் கும்பிட்டார். நான் கை கழுவப் போகிற மாதிரி பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உனக்கு நான் சொல்லித்தர இந்தத் தொழிலில் ஒன்றும் கிடையாது. முகமூடி போடாமல் கன்னைத் தொடாதே. நெஞ்சில் ஏறினால் போகாது. மத்தியானச் சோற்றை நாலு மணிக்குத் தின்னாதே. எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் இசக்கியை மாஸ்டர் என்று கூப்பிடுவதை விடாதே. அண்ணாச்சியிடம் சொன்னமாதிரியே 'நான் பாத்துட்டேன்' என்று எல்லோரிடமும் சொல். கேட்க வேண்டிய அறிவுரையெல்லாம் எனக்குத்தான் இருக்கிறது.

திருவேங்கடத்திலிருந்து அடுத்த வண்டி வியாழக்கிழமை வருகிறது என்று அம்மா சொன்னாள். நீ வாய் தவறியோ, வேண்டுமென்றோ வழக்கம் என்று சொல்லிவிட்டாய். நான் அதை விடுவதாக இல்லை. பெயிண்ட் எத்தனை நாளில் காயும், எந்த இடத்தில் வைக்கலாம் என்று மாஸ்டரிடம் கேட்டுச் சொல். அதுவரை சந்தனக் கிண்ணம் உன் அம்மாவிடம் இருக்கும். கேரியரில் இந்தக் கடிதத்துக்கு அடியில் மாற்றுச் சாவியும் இருக்கிறது, எடுத்துக்கொள். இனிமேல் நீ உள்ளே இருக்கும்போது ஷட்டரைத் தட்டிவிட்டு வருகிறேன்.

அப்பா